தம்பிக்கு எச்ஐவி, தட்டு தனியா வைக்கணுமா?

கேள்வி: அக்கா, நான் பட்டர்வொர்த்ல இருக்கேன். கோலாலம்பூர்ல வேலை செய்யற என் தம்பிக்கு எச்ஐவி, ஒரு வருஷத்துக்கு மேலா மருந்து சாப்பிடறான். அவன் வீட்டுக்கு வந்தா அம்மா தனி தட்டு, தனி மங்கு வைக்கறாங்க, டாய்லெட்ட டெட்டோல் ஊத்தி கழுவறாங்க. என் நாலு வயசு மக அவன் மடியில உக்காந்துதான் சாப்பிடுவா, எனக்கே பக்குனு இருக்கு. தைப்பூசத்துக்கு பினாங்கு தண்ணிமலை முருகன் கோயில்ல அலகு குத்தணும்னு வேற சொல்றான். நாங்க எப்படி பாதுகாப்பா இருக்கறது?

பதில்: முதல்ல அந்த டெட்டோல் பாட்டில தூக்கி உள்ள வைங்கம்மா. தட்டு, மங்கு, டாய்லெட், கொசு, இருமல், கட்டிப்பிடிக்கறது, பிள்ளைக்கு முத்தம் குடுக்கறது, இது எதுலயும் எச்ஐவி ஒட்டாது. எச்சில்லயும் வேர்வையிலயும் பரவாது. உங்க மக மாமா மடியில உக்காந்து தாராளமா சாப்பிடட்டும். ஷேவர், டூத் பிரஷ் மட்டும் அவங்கவங்களுக்கு தனியா இருக்கட்டும், அது எல்லா வீட்லயும் இருக்க வேண்டிய பழக்கம்தான், ஹெபடைடிஸ் பி மாதிரி வேற கிருமிக்கும் சேத்து சொல்றேன்.

அப்ப எப்படித்தான் பரவுது? ரத்தம், விந்து, பெண்ணுறுப்புலயும் ஆசனவாய்லயும் வர்ற திரவம், தாய்ப்பால், இவ்ளோதான். காண்டம் இல்லாத உறவு, ஒருத்தர் போட்ட ஊசிய இன்னொருத்தர் போட்டுக்கறது, அம்மாகிட்டருந்து குழந்தைக்கு. நம்ம நாட்ல ஒரு காலத்துல போதை ஊசிதான் பெரிய காரணம், இப்ப புதுசா வர்றது பெரும்பாலும் உறவு மூலமாத்தான், ஆனா நம்ம ஆளுங்க இன்னும் ஊசி, கொசுன்னே பேசிட்டு இருக்காங்க, படுக்கைய பத்தி வாயே திறக்கறதில்ல. அம்மாகிட்டருந்து குழந்தைக்கு பரவாம தடுக்கறதுல மலேசியா நல்லாவே செஞ்சிருக்கு, 2018ல உலக சுகாதார நிறுவனமே அத அங்கீகரிச்சு சர்டிபிகேட் குடுத்துச்சு. கர்ப்பமானதும் கிளினிக்ல ரத்தம் எடுக்கறாங்களே, அதுல இந்த டெஸ்ட்டும் உண்டு.

உங்க தம்பிகிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க, வைரல் லோட், அதாவது ரத்தத்துல வைரஸ் எவ்ளோ இருக்குங்கற அளவு, என்னன்னு. மருந்து விடாம சாப்பிட்டு, ரத்த டெஸ்ட்ல வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு எறங்கி, அப்படியே இருந்தா, உறவு மூலமா அவர்கிட்டருந்து இன்னொருத்தருக்கு பரவாது. இத பல பேரு நம்ப மாட்டேங்கறாங்க, ஆனா பெரிய ஆராய்ச்சியெல்லாம் செஞ்சு உறுதியான விஷயம். நாளைக்கு அவருக்கு கல்யாணமும் ஆகலாம், நோய் இல்லாத குழந்தையும் பொறக்கலாம். ஆனா மாத்திரைய நிறுத்தினா வைரஸ் திரும்ப ஏறிடும்.

இப்ப அலகு. இங்கதான் நான் கொஞ்சம் கறாரா பேசப்போறேன், உங்க தம்பிக்காக மட்டும் இல்ல, அங்க வரிசையில நிக்கற அத்தனை பேருக்காகவும். ஒருத்தர் நாக்குல குத்தின வேல எடுத்து எலுமிச்சம்பழத்துல சொருகி, விபூதி பூசி அடுத்தவருக்கு குத்துனா அது சுத்தம் ஆகாது. எலுமிச்சம்பழமும் விபூதியும் சாமிக்கு, கிருமிய கொல்றதுக்கு இல்ல. முதுகுல மாட்டற கொக்கியும் அப்படித்தான். அவருக்குன்னு தனி அலகு, ஸ்டெரிலைஸ் பண்ணதா இருக்கணும், குத்தறவரு ஒவ்வொரு ஆளுக்கும் புது கிளவுஸ் மாத்தணும், எடுத்த அலகு வேற யார் கைக்கும் போகக்கூடாது. டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கட்டும், புண்ணு ஆறற விஷயம் இருக்கு. டாக்டர் வேணாம்னா பால்குடம் எடுக்கட்டும், முருகன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு.

நீங்க எப்படி பாதுகாப்பா இருக்கறதுன்னு கேட்டீங்கல்ல? தம்பிகிட்டருந்து இல்லம்மா, பொதுவா சொல்றேன். காண்டம் போடுங்க, அதுகூட தேங்காண்ண, பேபி ஆயில், வேசலின் தடவாதீங்க, எண்ணெய் பட்டா ரப்பர் கிழிஞ்சுடும், பார்மசில எண்ணெய் இல்லாம தண்ணில செஞ்ச ஜெல் (வாட்டர் பேஸ்டு) விக்கறாங்க அத வாங்குங்க. காண்டம் கிழிஞ்சுதோ, பயப்படற மாதிரி ஏதாவது நடந்துச்சோ, 72 மணி நேரத்துக்குள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடி பெப், அதாவது எச்ஐவி ஒட்டாம தடுக்கற மருந்து, கேக்கணும், 28 நாள் சாப்பிடணும், எவ்ளோ சீக்கிரம் ஆரம்பிக்கறோமோ அவ்ளோ நல்லது. திங்கக்கிழமை பாத்துக்கலாம்னு சனி ஞாயிறு வீட்ல உக்காந்து அழறவங்கதான் ஜாஸ்தி. அடிக்கடி ரிஸ்க் இருக்கறவங்களுக்கு முன்னாடியே சாப்பிடற பிரெப் மாத்திரை இருக்கு, 2023லருந்து சில கவர்மெண்ட் கிளினிக்லயே ஃப்ரீயா குடுக்கறாங்க. டெஸ்ட் மறுநாளே எடுத்தா ஒண்ணும் தெரியாது, லேப்ல எடுக்கற ரத்த டெஸ்ட்டுக்கு ஆறு வாரம் ஆகணும், விரல்ல குத்தி பாக்கறதுக்கு மூணு மாசம்.

முஸ்லிம்களுக்கு கல்யாணத்துக்கு முன்னாடி இந்த டெஸ்ட் கட்டாயம். நம்ம வீட்ல பத்துப் பொருத்தம் பாப்போம், ரத்தம் பாக்கலாமான்னு கேட்டா சம்பந்தி வீட்ல மூஞ்ச தூக்கிக்குவாங்க. உங்க வீட்டுக்காரரும் நீங்களும் இதுவரைக்கும் எடுக்கலன்னா சேந்தே போய் எடுத்துடுங்க.

அம்மாவ நீங்க உக்கார வச்சு விளக்குனா நம்ப மாட்டாங்க, அடுத்த அப்பாயின்மெண்ட்டுக்கு தம்பி சம்மதிச்சா கூடவே கூட்டிட்டு போங்க, டாக்டர் வாயால கேட்டா எறங்கி வருவாங்க. அவரு சொல்லாம நீங்க சித்திகிட்டயோ கோயில் கமிட்டிகிட்டயோ இத சொல்லிடாதீங்க.