தானாக அணையாத இண்டிகேட்டர்

கேள்வி: 1980களின் யமஹா எக்ஸ்ஜே பைக் வைத்திருக்கிறேன். திரும்பிய பின் தானாக அணைய வேண்டிய இண்டிகேட்டர், மவுன்ட் ரோடு முழுக்க சிமிட்டிக்கொண்டே வருகிறது. இந்த வசதியையே எடுத்துவிடலாமா?
– சைதாப்பேட்டை வாசகர்

பதில்: எடுக்காதீர்கள், அருமையான ஏற்பாடு அது! 10 விநாடி, 150 மீட்டர் இரண்டும் கடந்தால்தான் அணையும். அதனால் சிக்னலில் எவ்வளவு நேரம் நின்றாலும் பாதியில் அணைந்து ஏமாற்றாது.

தூரத்தை எண்ண சிக்னல் தருவது ஸ்பீடோமீட்டருக்குள் இருக்கும் ரீட் சுவிட்ச், அதாவது காந்தம் நெருங்கி விலகும்போது இணைந்து பிரியும் சின்ன சுவிட்ச். ஆகவே முதலில் முன்சக்கரச் சுழற்சியை ஸ்பீடோமீட்டருக்குக் கொண்டுவரும் ஸ்பீடோ கேபிளைப் பாருங்கள். முள் அசையவில்லை என்றால் கேபிளை மாற்றுங்கள், அநேகமாக வேலை முடிந்தது.

முள் ஓடுகிறதா? கேன்சலிங் யூனிட்டின் (நேரமும் தூரமும் பார்த்து இண்டிகேட்டரை அணைக்கும் பெட்டி) 6 பின் கப்ளரை, அதாவது ஒயர் இணைப்பானைக் கழற்றுங்கள். வண்டிப் பக்க ஒயரிங்கில் வெள்ளை-பச்சை ஒயருக்கும் கறுப்புக்கும் இடையே மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, முன்சக்கரத்தைத் தூக்கி மெதுவாகச் சுற்றுங்கள். ரீடிங் பூஜ்யத்துக்கும் முடிவிலிக்கும் மாறி மாறித் தாவ வேண்டும். வேகமாகச் சுற்றினால் டிஜிட்டல் மீட்டரில் பிடிபடாது. தாவவே இல்லையென்றால் ரீட் சுவிட்சோ அதன் ஒயரோ போயிருக்கிறது. தாவினால் கைப்பிடி சுவிட்சின் ரீசெட் ஒயரை (இண்டிகேட்டர் போட்டதை யூனிட்டுக்குச் சொல்லும் ஒயர்) பாருங்கள். யூனிட்டைச் சந்தேகிப்பது கடைசியில்தான்.

நம்மூர் உப்புக்காற்றில் கப்ளர் பின்கள் பச்சை பூத்துவிடும். கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்த பிறகே எதையும் காசு கொடுத்து மாற்றுங்கள். அதுவரை சுவிட்சை உள்ளே அழுத்தி, கையாலேயே அணைக்கலாம்.