ஹைட்ரஜனை ஹைட்ரஜன் இழுக்குமா?

போன இதழில் உலோக ஹைட்ரைடுகளைப் பற்றி, அதாவது ஹைட்ரஜன் நேராக உலோகத்தோடு சேர்ந்த சேர்மங்களைப் பற்றி, அவற்றில் ஹைட்ரஜனே ஹைட்ரஜனை இழுக்கும் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதி அதைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கின்றன. சரி, இந்தப் பக்கம் முழுக்க அதற்கே.

கேள்வி: ஹைட்ரஜன் பிணைப்பு என்றால் ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் நைட்ரஜன், ஆக்சிஜன், ஃப்ளூரின் இவற்றில் ஒன்று என்றுதான் படித்தோம். இரண்டு ஹைட்ரஜன்களே ஒன்றையொன்று இழுக்கும் என்கிறீர்கள். அச்சுப்பிழையா?

இல்லை. ஹைட்ரஜன் ஆள் பார்த்து நடந்துகொள்ளும் அணு. ஆக்சிஜனோடு சேர்ந்தால் எலக்ட்ரானைப் பறிகொடுத்துக் கொஞ்சம் நேர்மின்சுமையோடு நிற்கும். ரீனியம், ருத்தீனியம், இரிடியம் போன்ற இடைநிலை உலோகத்தோடு சேர்ந்தால் பெரும்பாலும் எதிர்மின்சுமைப் பக்கம் சாயும்; உலோகத்தின் மேலிருக்கும் அந்த ஹைட்ரஜனைத்தான் ஹைட்ரைடு என்கிறோம். இந்த இரண்டு வகையும் எதிரெதிரே வந்தால் இழுத்துக்கொள்ளாமல் என்ன செய்யும்?

1990களின் நடுவில் இதை நன்றாகக் காட்டியவர்கள் யேல் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் கிராப்ட்ரீ குழுவும் டொராண்டோவின் ராபர்ட் மோரிஸ் குழுவும். (ஆமாம், இரண்டு பேருமே ராபர்ட்.) ரீனியம் ஹைட்ரைடு ஒன்றை இண்டோல் என்ற கரிமச் சேர்மத்தோடு சேர்த்துப் படிகமாக்கியபோது, இண்டோலின் நைட்ரஜன் மேலுள்ள ஹைட்ரஜன், உலோகத்தின் ஹைட்ரைடை நோக்கித் திரும்பி நின்றது. இடைவெளி சுமார் 1.7 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு). ஒட்டுறவு இல்லாத இரண்டு ஹைட்ரஜன்கள் 2.4 ஆங்ஸ்ட்ராமுக்குள் நெருங்குவதில்லை. இப்படிப்பட்ட பிணைப்புகளின் வலிமை மோலுக்கு 3 முதல் 7 கிலோகலோரி வரை வருகிறது. தண்ணீர் மூலக்கூறுகளுக்கு இடையே இருப்பதும் ஏறக்குறைய 5தான்.

உலோகமே இல்லாத சாட்சியும் உண்டு. ஈத்தேனும் அம்மோனியா போரேனும் எலக்ட்ரான் எண்ணிக்கையில் ஒன்று. ஆனால் அம்மோனியா போரேனில் நைட்ரஜன் மேலுள்ள ஹைட்ரஜன் நேர்மின்சுமைப் பக்கமும், போரான் மேலுள்ள ஹைட்ரஜன் எதிர்மின்சுமைப் பக்கமும் சாய்ந்து ஒன்றையொன்று இழுக்கின்றன. ஈத்தேன் உருகுவது மைனஸ் 183 டிகிரியில், அம்மோனியா போரேன் உருகுவது 104 டிகிரியில். மூலக்கூறின் மின்முனைத் தன்மை (ஒரு முனை நேர், மறுமுனை எதிர் என்றிருப்பது) ஒன்றே இதற்குக் காரணம் என்று தள்ளிவிட முடியாது. மின்முனைத் தன்மை கொண்ட மெத்தில் ஃப்ளூரைடும் மைனஸ் 140 டிகிரி வாக்கிலேயே உருகிவிடுகிறது.

கேள்வி: இந்த ஹைட்ரைடுகளோடு அமிலத்தைச் சேர்த்தால், அது தரும் புரோட்டான் (எலக்ட்ரானை இழந்த ஹைட்ரஜன்) எங்கே போய் உட்காரும்? எலக்ட்ரான் நிறைந்த உலோகத்தின் மேலா, ஹைட்ரைடின் மேலா? அதை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பெரும்பாலும் முதலில் ஹைட்ரைடின் மேல்தான். உலோகத்திடம் எலக்ட்ரான் இருந்தாலும் அது ஈனிகளுக்கு, அதாவது உலோகத்தைச் சூழ்ந்து ஒட்டியிருக்கும் மூலக்கூறுகளுக்கு, நடுவே உள்ளே கிடக்கிறது. வாசலில் நிற்பவர்தானே வந்த பொருளைக் கையில் வாங்குவார்? புரோட்டான் முதலில் ஹைட்ரைடோடு ஹைட்ரஜன் பிணைப்பில் நிற்கும். பிறகு தாவும். தாவினால் இரண்டு ஹைட்ரஜன்களும் சேர்ந்து, உடையாத ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறாக உலோகத்தோடு ஒட்டியிருக்கும். இப்படி ஒட்ட முடியும் என்பதையே 1984-இல் லாஸ் அலமோஸில் கிரிகரி கூபஸ் டங்ஸ்டன் சேர்மத்தில் காட்டிய பிறகுதான் உலகம் நம்பியது.

இந்த இடைநிலையை எட்டிப் பார்க்கக் குளிர் வேண்டும். நாங்கள் எடுத்துக்கொள்வது ஹெக்ஸாஃப்ளூரோஐசோபுரோப்பனால் போன்ற ஃப்ளூரின் ஏற்றிய ஆல்கஹால்கள். சாதாரண ஆல்கஹாலை விட அமிலத்தன்மை கூடுதல், ஆனால் எடுத்த எடுப்பில் புரோட்டானைத் தள்ளிவிடும் அளவுக்கு இல்லை. மைனஸ் 78 டிகிரிக் குளியலில் வைத்துக் கலந்த குழாயை, முன்பே குளிர வைத்த என்.எம்.ஆர். கருவிக்குள் (அணுக்கருக்களைக் காந்தப்புலத்தில் வைத்து, ஒவ்வொரு வகை ஹைட்ரஜனையும் ஒரு கோடாகக் காட்டும் கருவி) தாமதிக்காமல் இறக்க வேண்டும். ஹைட்ரைடின் கோடு சுழியத்துக்குக் கீழே, யாரும் இல்லாத மைனஸ் பக்கத்தில் தனியாக நிற்கும். தேடி அலைய வேண்டாம். ஆல்கஹால் சேர்த்ததும் அது லேசாக நகரும். அதன் தளர்வு நேரமும் (தூண்டிய அணுக்கரு பழைய நிலைக்குத் திரும்பும் நேரம்) குறையும், பக்கத்தில் இன்னொரு ஹைட்ரஜன் வந்து நிற்பதால். இது ஹைட்ரஜன் பிணைப்பு. இன்னும் குளிர்வித்தால் அகலமான வேறொரு கோடு எழும். அது தாவி முடித்த புரோட்டான்.

குளிரக் குளிர ஏன் தாவல் கூடுகிறது என்று நீங்கள் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். தாவினால் அயனிகள் உருவாகும். கரைப்பான் மூலக்கூறுகள் அவற்றைச் சுற்றி ஒழுங்காக நிற்க வேண்டியிருக்கும். வெப்பம் ஏறினால் அந்த ஒழுங்கு கட்டுப்படியாகாது, புரோட்டான் ஆல்கஹாலுக்கே திரும்பிவிடும். ஹைட்ரஜன் வாயுவாகத் தப்பிப் போகாதவரை, குளிர்வித்தும் சூடாக்கியும் இந்த ஊசலாட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

அகலமான கோடு உண்மையில் ஹைட்ரஜன் மூலக்கூறுதானா, அல்லது இரண்டு தனித்தனி ஹைட்ரைடுகளா? இதற்கு டியூட்டீரியம் எனும் கன ஹைட்ரஜன் ஏற்றிய ஆல்கஹாலைப் பயன்படுத்துவோம். கோடு மூன்று சம உயரக் கோடுகளாகப் பிளந்து, இடைவெளி 30 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் இருந்தால் மூலக்கூறு உறுதி. தனித்தனி ஹைட்ரைடுகள் என்றால் பிளவு கண்ணிலேயே படாது. உலோகத்தோடு ஒட்டாத ஹைட்ரஜன்–டியூட்டீரியம் மூலக்கூறுக்கு அந்த இடைவெளி 43 ஹெர்ட்ஸ்.

சில சேர்மங்கள் இதோடு நிற்பதில்லை. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் குழாய் சூடாகிவிடும் அளவுக்கு நீளமான ஈனிகள் கொண்ட ஓர் இரும்பு ஹைட்ரைடு உண்டு. அதில் முதலில் மூலக்கூறு ஒட்டும். கொஞ்சம் வெப்பமேறியதும் அது உடைந்து இரண்டு ஹைட்ரைடுகளாக எதிரெதிர்ப் பக்கம் போய்விடும், மறுபடி திரும்பாது. கடைசி விளைபொருளை மட்டும் பார்ப்பவர் புரோட்டான் நேராக உலோகத்தில் விழுந்தது என்றே எழுதிவிடுவார். அகச்சிவப்பு நிறமாலையையும் குளிர் என்.எம்.ஆர்.-ஐயும் சேர்த்துப் பார்க்காத முடிவை நான் நம்புவதில்லை.

கேள்வி: ஹைட்ரைடு என்றால் காரம்தானே? கோபால்ட் கார்பனைல் ஹைட்ரைடை அமிலம் என்கிறார்களே?

அமிலம்தான், தண்ணீரில் வலிமையான அமிலம். நான்கு கார்பன் மோனாக்சைடுகள் எலக்ட்ரானை உறிஞ்சிக்கொள்வதால் ஹைட்ரஜன் புரோட்டானாகவே கழன்றுவிடுகிறது. ஒரு கார்பன் மோனாக்சைடை எடுத்துவிட்டு டிரைஃபீனைல்பாஸ்பீனை வைத்தால், அசிட்டோநைட்ரைல் கரைப்பானில் அதன் pKa என்ற அமில அளவு 8.4-இலிருந்து 15.4-க்கு ஏறுகிறது. இந்த அளவு ஒன்று ஏறினால் அமிலத்தன்மை பத்து மடங்கு குறையும். அதாவது ஒரு ஈனியை மாற்றியதில் அமிலத்தன்மை ஒரு கோடி மடங்கு சரிகிறது.

கேள்வி: இதனால் யாருக்கு என்ன பயன்?

பாக்டீரியாவுக்கு நிறைய. ஹைட்ரஜன் வாயுவைக் கையாளும் ஹைட்ரஜனேஸ் நொதியில் இரும்பின் பக்கத்திலேயே ஒரு நைட்ரஜன் இருக்கிறது. இரும்பில் ஹைட்ரைடு, நைட்ரஜனில் புரோட்டான். இரண்டும் சேர்ந்தால் ஹைட்ரஜன் வாயு. இந்த அமைப்பைப் பார்த்து டேனியல் டுபாய் குழு செய்த நிக்கல் வினையூக்கி ஒன்று, 2011-இல் விநாடிக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மூலக்கூறுகள் என்ற வேகத்தைத் தொட்டது. ஆனால் அதற்குக் கூடுதல் மின்னழுத்தம் நிறையவே கொடுக்க வேண்டியிருந்தது. அதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

கேள்வி: அப்படியானால் தேர்வில் ஹைட்ரஜன் பிணைப்புக்கு என்ன எழுத?

நைட்ரஜன், ஆக்சிஜன், ஃப்ளூரின் என்றே எழுதிவிட்டு வாருங்கள். சர்வதேச வேதியியல் ஒன்றியம் 2011-இலேயே வரையறையை விரித்துவிட்டது. விடைத்தாள் திருத்துபவர் அதைப் படித்திருப்பார் என்று நம்பி மதிப்பெண்ணைப் பணயம் வைக்க வேண்டாம்.