பத்து நாளாகியும் ஆறாத டயப்பர் புண்

14 மாதக் குழந்தைக்கு 10 நாளாக டயப்பர் புண், ஜிங்க் கிரீம் தடவியும் ஆறவில்லை, நடுவில் காதுவலிக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு கேண்டிடா என்ற பூஞ்சைத் தொற்று எளிதாக வரும். தொடை மடிப்புக்குள்ளும் நல்ல சிவப்பாக, ஓரத்தில் சின்னப் புள்ளிகள் தெறித்த மாதிரி இருக்கிறதா? அப்படியானால் ஜிங்க் மட்டும் போதாது, க்ளோட்ரிமசோல் போன்ற பூஞ்சை மருந்து வேண்டும். குழந்தை டாக்டரிடம் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள். மருந்தை மெல்லிசாகத் தடவி, அதன் மேல் ஜிங்க்கைக் கெட்டியாகப் பூசலாம்.

மெடிக்கலில் சும்மா கேட்டால் ஸ்டீராய்டு கலந்த கிரீமை நீட்டிவிடுவார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். என் மகனுக்கு அப்படித்தான் போட்டோம். இரண்டு நாள் சிவப்பு அடங்கி, பிறகு இரட்டிப்பாகத் திரும்பியது.

செம்பூரில் இந்த மழையில் துணி நாப்பி காயாது, தெரியும். அரை ஈரத்தோடு மட்டும் கட்டாதீர்கள், இஸ்திரி போட்டுவிடுங்கள். வெட் வைப்ஸுக்குப் பதில் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பவுடர் வேண்டாம். மதியம் தூங்கும்போது ரப்பர் ஷீட் மேல் துணி விரித்து, டயப்பர் இல்லாமல் விடுங்கள்.

அப்புறம், கொப்புளம், சீழ், காய்ச்சல் எது வந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.