இருபது பேர், இரண்டாயிரம் ஆள்நாள்

அன்புள்ள ஐயா,

தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய ஃபீனிக்ஸில் எங்கள் கோயில் அறக்கட்டளை வாராவாரம் சாப்பாடு கொடுத்து வருகிறது. வரிசையில் நிற்பவர்களில் பாதிப்பேர் உடம்பில் தெம்புள்ள இளைஞர்கள். "சோற்றைவிட வேலை கொடுங்கள்" என்று கேட்கிறார்கள். கோயிலுக்குப் பின்னால் ஓடைக்கரை முழுவதும் புதர் மண்டிக் கிடக்கிறது. வேலையில்லாதவருக்குக் குறுகிய காலக் கூலி வேலை தரும், அரசின் விரிவாக்கப்பட்ட பொதுப்பணித் திட்டத்தோடு சேர்ந்து, இருபது பேரை வைத்து அதைச் சீர்செய்யலாம் என்று குழுவில் பேசினோம். எங்களைப் போன்ற சிறிய அமைப்பால் முடியுமா? எங்கே சறுக்கும்?

ஒரு வாசகி, ஃபீனிக்ஸ்

அன்புள்ள அம்மா,

முடியும். 2004-இல் தொடங்கிய இந்தத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்திலேயே அரசு சாரா அமைப்புகளுக்கென்று தனிப் பிரிவு வந்துவிட்டது. அதில் தொண்டு நிறுவனங்களுக்கான பகுதியை சுதந்திர மேம்பாட்டு அறக்கட்டளை என்ற அரசு அமைப்பு நடத்துகிறது. ஆனால் ஒன்றை முதலிலேயே குழுவில் முடிவு செய்துவிடுங்கள்: சொன்ன தேதியில் கூலி கைக்குப் போய்ச் சேருவதுதான் உங்கள் அறக்கட்டளையின் தலையாய வேலை. புதர் வெட்டுவது அதற்கு அடுத்ததுதான்.

"இருபது பேருக்கு வேலை" என்று அறிவிக்கும் முன் ஆள்நாள் கணக்குப் போடுங்கள். ஒருவர் ஒரு நாள் செய்யும் வேலைதான் ஓர் ஆள்நாள். வாரம் நான்கு நாள், 25 வாரம் என்றால் ஆளுக்கு 100 நாள், மொத்தம் 2,000 ஆள்நாள். இந்தத் திட்டத்தில் 230 ஆள்நாள்தான் ஒரு முழு ஆண்டு வேலை. ஆக நீங்கள் உருவாக்குவது ஒன்பதுக்கும் குறைவான வேலைகள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

2025 மார்ச்சில் இந்தத் திட்டத் தொழிலாளர்களின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15.83 ரேண்ட் ஆனது. பொதுவான குறைந்தபட்சக் கூலியோ 28.79. இந்த இடைவெளி நியாயமில்லை என்பது என் கருத்து. உங்களால் கூட்டிக் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். அந்தக் குறைந்தபட்சத்தில் எட்டு மணி நேரத்துக்கு 126.64 ரேண்ட், 2,000 ஆள்நாளுக்கு 2,53,280 ரேண்ட். விண்ணப்பம் போடும்போது நடப்பில் உள்ள கூலியை வைத்துக் கணக்கைத் திரும்பப் போடுங்கள். வாரம் நான்கு நாளோ அதற்கு மேலோ வேலை செய்பவருக்கு முழு மாதத்துக்கு ஒரு நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. ஐந்து மாதத்துக்கு இருபது பேரும் எடுத்தால் இன்னொரு 12,664 ரேண்ட். பட்ஜெட்டில் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான். பூட்ஸ், கையுறை, ஓவரால் எல்லாம் இலவசமாகத் தரவேண்டும். அதைத் தொழிலாளியின் கூலியில் பிடிக்கக் கூடாது.

நாளுக்கு 126 ரேண்ட் வாங்குபவர் அதில் டாக்ஸிக்குக் கொடுத்தால் மிஞ்சுவது என்ன? நடந்து வரும் தூரத்தில் இருப்பவர்களையே எடுங்கள். அப்படி எடுத்தால் ஃபீனிக்ஸ் ஆட்கள் மட்டும் வரமாட்டார்கள், பக்கத்தில் கறுப்பின மக்கள் வாழும் பம்பாயி குடியிருப்பிலிருந்தும் இனாண்டாவிலிருந்தும் வருவார்கள். வரவேண்டும். 2021 ஜூலைக் கலவரத்தில் இங்கே இந்தியருக்கும் கறுப்பின மக்களுக்கும் இடையே நடந்ததற்குப் பிறகு, கோயில் நடத்தும் வேலையில் கோயில் ஆட்கள் மட்டும் என்று ஒரு பட்டியல் வெளியானால் அந்தக் காயம் மறுபடி திறக்கும். வார்டு கவுன்சிலரை வைத்துப் பொதுக்கூட்டம் போட்டு, தமிழர், ஜூலு என்று பாராமல் பெயர் கொடுத்த எல்லோரையும் சீட்டுக் குலுக்கி எடுங்கள். பெண்களுக்கு 60 சதவீதம், இளைஞருக்கு 55, மாற்றுத்திறனாளிகளுக்கு 2 என்பது 2024 வரை நடந்த நான்காம் கட்டத்தின் இலக்காக இருந்தது. அதற்கேற்பத் தனித்தனிப் பெட்டி வையுங்கள். கூட்டக் குறிப்பையும் பட்டியலையும் கோயில் வாசலில் ஒட்டுங்கள். "வேலையில் முப்பது சதவீதம் எங்களுக்கு" என்று உள்ளூரில் யாராவது பங்கு கேட்டு வந்து நின்றால் அந்தத் தாள்தான் உங்களுக்குப் பாதுகாப்பு. அந்த 30 சதவீதம் பெரிய அரசு ஒப்பந்தங்களுக்கான 2017 கொள்முதல் விதிகளிலிருந்து வந்த பேச்சு. 2023 ஜனவரியில் புதிய விதிகள் வந்தபோது அதுவும் போய்விட்டது. மிரட்டல் என்றால் போலீசில் எழுதிக் கொடுங்கள், பேரம் பேசாதீர்கள்.

பெயர் எழுதும்போதே இன்னொன்றும் சொல்லவேண்டும். மாதம் 370 ரேண்ட் நிவாரண உதவித்தொகை வாங்குபவருக்கு, கணக்கில் 624 ரேண்டுக்கு மேல் வந்த மாதம் அது நின்றுவிடும். குழந்தை உதவித்தொகைக்கான வருமான வரம்பு இதைவிடப் பல மடங்கு உயரம் என்பதால் இந்தக் கூலியால் அது போகாது. தெரியாமல் வந்து பிறகு ஏமாந்தோம் என்று யாரும் நினைக்கக் கூடாது.

ஓடை விஷயம். உங்கள் கரையில் உண்ணிச்செடியும் 'பாரஃபின் புதர்' என்கிற குரோமோலேனாவும்தான் அதிகம் இருக்கும். குரோமோலேனா இங்கே ஜூன், ஜூலையில் பூக்கும், அதற்குமுன் வெட்டிவிடவேண்டும். விதை கொட்டிய பிறகு வெட்டினால் வீண். உண்ணிச்செடியைத் தரையோடு ஒட்டி வெட்டி, வெட்டுவாய் காயும் முன் களைக்கொல்லி பூசவேண்டும், இல்லாவிட்டால் தூரிலிருந்து கொத்தாகத் துளிர்க்கும். மருந்து அடிப்பவர் பூச்சி, களை மருந்து அடிக்க அரசிடம் பதிவு பெற்றவராக (பெஸ்ட் கன்ட்ரோல் ஆபரேட்டர்) இருக்கவேண்டும், தண்ணீர் ஓரத்தில் பயன்படுத்தலாம் என்று லேபிளில் இருக்கவேண்டும். காட்டுச்சுண்டைபோல் இருக்கும் 'பக்வீட்' இலையின் தூசி மூச்சைப் பிடிக்கும், முகமூடி கட்டாயம்.

நூறு நாளையும் முதல் வெட்டிலேயே தீர்த்துவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கையாவது மறுவெட்டுக்கு ஒதுக்குங்கள். 1995-இல் தொடங்கிய 'தண்ணீருக்காக உழைப்போம்' திட்டத்தில் திரும்பத் திரும்பத் தெரிந்தது இது: மறுவெட்டு இல்லாத இடம் முன்பைவிட அடர்த்தியாக மூடிக்கொள்ளும். அக்டோபர் மழைக்குமுன் கரை முழுவதையும் மொட்டையாக்கவும் வேண்டாம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் கரைகள் எப்படிச் சரிந்தன என்று பார்த்தீர்கள். வெட்டிய கிளைகளைச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாக அடுக்கி, இடையில் புல் நடுங்கள்.

இனி தாள்கள். தொண்டு அமைப்புப் பதிவு, நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் கொடுத்த ஆண்டறிக்கை, வரித்துறையின் சான்று, அமைப்பின் பெயரில் வங்கிக் கணக்கு, விபத்து இழப்பீட்டு நிதியில் பதிவு. ஒவ்வொருவருக்கும் சான்றொப்பமிட்ட அடையாள அட்டை நகல், ஒப்பந்தம், தினமும் அவரே கையெழுத்திட்ட வருகைப் பதிவேடு, கூலி போன சான்று. இவை திட்டத்தின் பதிவில் ஏறினால்தான் அரசுப் பணம் நகரும். ஒரு கையெழுத்து விட்டுப்போய்த் தவணை தள்ளினாலும் வெள்ளிக்கிழமை கூலி தள்ளக் கூடாது. அதனால் ஒரு மாதக் கூலியாவது, சுமார் 43,000 ரேண்ட், கையில் இல்லாமல் தொடங்காதீர்கள். அது சேரவில்லையென்றால் இருபதைப் பத்தாக்குங்கள்.

வேலையின்மைக் காப்பீட்டுக்குத் தொழிலாளியிடமிருந்து 1 சதவீதம், உங்களிடமிருந்து 1 சதவீதம். வேலையாட்களின் விவரம் சொல்லும் யூஐ-19 படிவத்தை மாதந்தோறும் 7-ஆம் தேதிக்குள் அனுப்புங்கள். ஒப்பந்தம் முடிந்தபின் அவர்கள் உதவித்தொகை கேட்டுப் போகும்போது, பணியில் இருந்த ஐந்து நாளுக்கு ஒரு நாள் என்று கணக்குப் பார்ப்பது அதை வைத்துத்தான்.