விசாரணையின்றி வந்த ஜிஎஸ்டி உத்தரவு: ரிமாண்ட் கிடைத்தால் போதுமா?

கேள்வி: கொருக்குப்பேட்டையில் பழைய இரும்பு வியாபாரம் செய்கிறேன். 2020-21ஆம் ஆண்டுக்கு நான் எடுத்த உள்ளீட்டு வரி வரவில் (கொள்முதலில் கட்டிய ஜிஎஸ்டியை விற்பனை வரியில் கழித்துக்கொள்வது) 14 லட்சம் ரூபாயைத் திருப்பிக் கட்டும்படி உத்தரவு வந்துள்ளது. நோட்டீஸை ஜிஎஸ்டி இணையப் போர்ட்டலில் மட்டும் ஏற்றியிருக்கிறார்கள். என் கணக்காளர் பார்க்கவில்லை. நேரில் போனால் அதிகாரி அவமதிக்கிறார். வழக்கை அதிகாரிக்கே திருப்பி அனுப்பி மறுவிசாரணை நடத்தச் சொல்லும் உத்தரவு (ரிமாண்ட்) வாங்க முடியுமா?

பதில்: அதிகாரியின் பேச்சும் கணக்காளரின் கவனக்குறைவும் இந்த வழக்கில் எடுபடா. போர்ட்டலில் ஏற்றுவதையும் நோட்டீஸைச் சேர்ப்பிக்கும் முறைகளில் ஒன்றாக ஜிஎஸ்டி சட்டத்தின் 169ஆம் பிரிவு ஏற்கிறது. பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பாதகமான முடிவெடுக்கும் முன் உங்களுக்கு நேர்முக விசாரணை வாய்ப்பு தரப்பட்டதா? நீங்கள் கேட்காவிட்டாலும் அதைத் தர வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 75(4) பிரிவு. விசாரணைத் தேதியே குறிக்கப்படவில்லை என்றாலோ, பதில் தருவதற்கான கெடு முடியும் முன்பே விசாரணை வைக்கப்பட்டிருந்தாலோ, உங்கள் தரப்பு வலுவானது.

மேல்முறையீட்டு அதிகாரி வழக்கைத் திருப்பி அனுப்ப 107(11) பிரிவு இடம் தரவில்லை. எனவே இந்தக் கட்டத்தில் ரிமாண்ட் வேண்டுமென்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான் போட வேண்டும். அதற்காக மேல்முறையீட்டுக்கான மூன்று மாதக் கெடுவையும், தாமதத்தை மன்னிக்கக்கூடிய கூடுதல் ஒரு மாதத்தையும் கைநழுவ விட்டுவிடாதீர்கள்.

நான் அஞ்சுவது ரிமாண்ட் கிடைத்த பிறகு நடப்பதைத்தான். சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய உத்தரவுகளை ரத்து செய்யும்போது, தகராறிலுள்ள வரியில் 10 அல்லது 25 சதவீதத்தைச் சில வாரங்களுக்குள் செலுத்த வேண்டும் என்றும், பழைய உத்தரவையே நோட்டீஸாகக் கொண்டு பதில் தர வேண்டும் என்றும் பல வழக்குகளில் நிபந்தனை விதித்திருக்கிறது. வரி பாக்கிக்காக முடக்கப்பட்ட வங்கிக் கணக்கு விடுபட்டதுமே ஜெயித்துவிட்டதாக எண்ணி, கடையைப் பார்க்கப் போய்விடும் கட்சிக்காரர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பணம் கட்டத் தவறினால் பழைய உத்தரவு உயிர்பெறும்படி நிபந்தனையிலேயே எழுதியிருக்கும். பணம் கட்டிவிட்டு வெறுங்கையோடு விசாரணைக்குப் போனாலோ அதே தொகைக்கு இரண்டாவது உத்தரவு வரும். அப்போது, வாய்ப்பு தரவில்லை என்று சொல்ல வழியிருக்காது.

வரவு சரியானது என்று நிரூபிக்கும் பொறுப்பு 155ஆம் பிரிவின்படி உங்களுடையது. பழைய இரும்பு வியாபாரத்தில் பில்லும் வங்கிப் பரிமாற்றமும் மட்டும் போதா. சரக்கு உண்மையில் வந்ததைக் காட்ட எடைமேடைச் சீட்டு, லாரி ரசீது, இ-வே பில் (சரக்கை எடுத்துச் செல்ல இணையத்தில் எடுக்கும் சீட்டு) மூன்றும் வண்டி எண்ணிலும் எடையிலும் ஒத்துப்போக வேண்டும். ஒவ்வொரு பில்லுக்கும் இவற்றைச் சேர்த்து அடுக்கிப் பாருங்கள். வண்டிக்கு ஆதாரமே இல்லாத பில்களுக்கு வாதாடாதீர்கள். தவறாக எடுத்துப் பயன்படுத்திய வரவுக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி ஓடுகிறது. அந்தப் பகுதி வரியை, தானாக முன்வந்து கட்டுவதற்கான டிஆர்சி-03 படிவம் மூலம் கட்டிவிட்டு, ஆதாரமுள்ள மீதிக்கு மட்டும் போராடுங்கள். அதற்கான பதிலை, ரிட் மனு தாக்கலாகும் முன்பே எழுதி முடித்து வைத்துக்கொள்ளுங்கள்.