விளக்கொளி மட்டும் போதுமா, லெட்டஸ் நத்தைக்கு?

அன்புள்ள ஐயா,

வீட்டுக் கடல்மீன் தொட்டிக்கு ஓர் எலீசியா கிரிஸ்பேட்டா வாங்கினேன். கடையில் லெட்டஸ் நத்தை என்றார்கள். பாசியின் பசுங்கணிகங்களைத் திருடி வைத்துக்கொண்டு செடிபோல ஒளிச்சேர்க்கை செய்யும், விளக்கு இருந்தால் போதும் என்று படித்திருந்தேன். மூன்று வாரத்தில் வெளுத்து, பாதியாகச் சுருங்கிவிட்டது. வெளிச்சம் போதவில்லையா?

ரா.

அன்புள்ள ரா.,

வெளிச்சத்தைக் கூட்டாதீர்கள். நத்தை பட்டினி கிடக்கிறது. உடனே பிரையாப்சிஸ் பாசி தேடுங்கள்.

இந்தக் கூட்டத்துக்கு சாக்கோகுளோசா என்று பெயர். முந்நூறு இனங்களுக்குக் குறையாது. நாக்கில் ஒரே வரிசைப் பற்கள். முன்பல்லால் பாசியின் செல்லைக் குத்திச் சாற்றை உறிஞ்சும். பிரையாப்சிஸில் குறுக்குச் சுவர் கிடையாது, இழை முழுக்க ஒரே குழாய். ஓர் ஓட்டை போட்டாலே வயிறு நிறையும். தேய்ந்த பல்லைத் துப்பாமல் ஒரு பையில் சேர்த்துவைப்பது இவற்றின் அழகான விசித்திரம். பெயரில் உள்ள 'சாக்' அந்தப் பைதான். பல்லின் வடிவம் பாசிக்குப் பாசி மாறும். அதனால் கண்ணாடியில் படியும் பழுப்புப் படலம் இதற்கு உணவாகாது. நோரி எனப்படும் காய்ந்த கடற்பாசித் தாளில் உறிஞ்சச் சாறே இல்லை.

நீங்கள் படித்தது முழுப் பொய்யல்ல. அமெரிக்கக் கிழக்குக் கரையில் வாழும் இதன் உறவு நத்தையான எலீசியா குளோரோட்டிகா, வாச்சீரியா பாசியின் பசுங்கணிகங்களை ஒன்பது, பத்து மாதம்கூட உடலில் காக்கிறது. பாசியின் மரபணுவே நத்தைக்குத் தாவிவிட்டது என்று 2008இல் சொன்னார்கள். 2013இல் முட்டைகளின் டிஎன்ஏவைப் படித்தபோது அதற்குச் சான்று கிடைக்கவில்லை. 2014இல் இதே கூட்டத்து நத்தைகளான எலீசியா டிமிடாவையும் பிளாக்கோபிராங்கஸையும் இருட்டில் பட்டினி போட்டார்கள். வெளிச்சத்தில் கிடந்தவை போலவே அவையும் பிழைத்திருந்தன, அவற்றைப் போலவே இளைத்தன. ஆனாலும் ஒளி வீணில்லை. நல்ல வெளிச்சம் பெற்ற டிமிடா அதிக முட்டையிட்டதாக 2021 ஆய்வு காட்டியது. ஆக, ஒளி துணைக்கு, சோறு பாசிதான்.

பிரையாப்சிஸைத் தனி வாளியில் உப்புநீரில் வளர்த்து, கைப்பிடி அளவு பாறையோடு தொட்டியில் வையுங்கள், தீரும் முன் மாற்றுங்கள். இந்தப் பாசியை ஒழிக்க ஃபுளூகோனசோல் என்னும் பூஞ்சை மருந்து ஊற்றிய தொட்டியில் பாசி தேறாது. செம்பு கலந்த மீன் மருந்து நத்தையையே கொன்றுவிடும். பம்ப் வாய்க்கு ஸ்பாஞ்ச் கட்டுங்கள். இளைத்த நத்தை எளிதில் உள்ளே இழுபடும்.

முதுகு மடிப்புகளில் பச்சை திரும்பினால் தின்கிறது என்று பொருள். பாசிமேலேயே கிடந்தும் வெளுத்துக்கொண்டே போனால் காலர்பா என்னும் வேறொரு பச்சைப் பாசி கொடுத்துப் பாருங்கள்.