பேஸ்பால் வேகப்பந்து: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. கிரிக்கெட்டில் வேகப்பந்து போடுவான். பள்ளியில் இப்போது பேஸ்பால் பழக்குகிறார்கள். பலமாகத்தான் எறிகிறான். ஆனால் பந்து பக்கவாட்டில் விலகுகிறது, இல்லாவிட்டால் பாதி வழியில் தரையில் குத்துகிறது. எங்கே தப்பு?
- வாசகி, கோத்தகிரி

பதில்: விலகுவது பிடியால். கிரிக்கெட்டில் தையலை ஒட்டி, அதன் இருபுறமும் விரல் வைத்துப் பழகிய கை அது. இங்கே தையலுக்குக் குறுக்கே வைக்க வேண்டும். தையல் லாடம் போல வளையும் இடத்தைப் பக்கவாட்டில் திருப்பி, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மேல் தையலில் நுனி பதிய, நடுவே ஒரு பென்சில் இடைவெளி விட்டு வைக்கட்டும். கட்டைவிரல் நேர் கீழே. உள்ளங்கையில் பந்து படக்கூடாது, பட்டால் சுழற்சி செத்துவிடும். கை சிறியதென்றால் மூன்று விரல் வைக்கலாம், தப்பில்லை.

அந்த இரு விரல்களுக்கு நடுவே ஓடும்படி பந்தைச் சுற்றி மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். எறிந்ததும் கோடு அசையாமல் தெரிந்தால் பந்து நேராகப் பின்சுழல்கிறது. கோடு தள்ளாடினால், விரல்கள் பந்தின் பின்னால் நிற்காமல் பக்கத்தில் வழுகுகின்றன.

தரையில் குத்துவது, பந்தைத் தாமதமாக விடுவதால். முகத்துக்குச் சற்று முன்னாலேயே விட வேண்டும். பவுலிங் போலக் கையை நீட்டிச் சுழற்ற வேண்டாம். பவுண்டரியிலிருந்து கீப்பருக்கு எறிவானே, அதுதான் அடிப்படை. வலக்கைக்காரன் என்றால் இடது தோள் இலக்கைப் பார்க்க நின்று, இடது முழங்காலைத் தூக்கி நேராக முன்னே வைக்கட்டும். அந்தப் பாதம் ஊன்றும்போது வலது முழங்கை தோள் மட்டத்தில் இருக்க வேண்டும். முழங்கை கீழே தொங்கினால் பந்து மேலே பறக்கும், மூட்டுக்கும் கேடு. அடுத்து இடுப்பு திரும்ப, மார்பு திரும்ப, கடைசியில் கை. விட்ட கை இடது முழங்காலுக்கு வெளியே போய் முடியட்டும். சட்டென நிறுத்தினால் தோள்தான் அடி வாங்கும்.

முதலில் வலது முழங்காலைத் தரையில் ஊன்றி, 20 அடியிலிருந்து பாதி வேகத்தில் 15 பந்து. பிறகு நின்று 30 அடி. ஆட்டத்தில் இந்த வயதுக்கான எறிதூரம் 46 அடி, அது கடைசியில்தான். பின்னால் தார்ப்பாய் கட்டுங்கள், பந்து தேயிலைக்குள் இறங்கினால் தேடியே இருட்டிவிடும். சரிவில் நின்று எறிய வேண்டாம்: பிட்சர் (பந்து எறிபவர்) நிற்கும் மேட்டுக்கே அடிக்கு ஒரு அங்குலம்தான் இறக்கம், நம் ஊர்ப் பாதைகள் பலவும் அதைவிடச் செங்குத்து.

சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக்கின் விதிப்படி 11, 12 வயதுக்கு ஒரு நாளைக்கு 85 பந்துதான் உச்சம். 66-ஐத் தொட்டாலே 4 நாள் ஓய்வு. புதிதாகப் பழகுபவனுக்கு 30 போதும். முழங்கையின் உள்பக்கம் வலித்தால் அன்றே நிறுத்துங்கள்.

கேள்வி: ஊட்டி உயரத்தில் பந்து வேகமாகப் போகுமாமே?
- வாசகர், ஊட்டி

பதில்: கையை விட்டுக் கிளம்பும் வேகம் மாறாது. சுமார் 2,240 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் வழியில் இழக்கும் வேகம் குறையும். ஆனால் பின்சுழலும் பந்தைத் தூக்கிப் பிடிப்பதும் அதே காற்றுதானே? பந்து கூடுதலாகத் தாழும். இங்கே பழகிவிட்டுச் சென்னையில் ஆடப்போனால் பந்து சற்று உயரப் போய்ச் சேரும். ஆட்டத்துக்கு முன் அங்கே பத்துப் பந்தாவது எறிந்து பாருங்கள்.

கேள்வி: பனிமூட்டத்தில் நனைந்த பந்தை அடுப்பருகே காய வைக்கலாமா?
- வாசகர், கொடைக்கானல்

பதில்: கூடாது, தோல் வெடிக்கும். துணியால் துடைத்து நிழலில் ஆற விடுங்கள். இரண்டு மூன்று பந்து வைத்துக்கொண்டால் மாற்றி மாற்றி எறியலாம்.